பலகையின் வாசகன்

காளவாசலிலிருந்து தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வரை போகிறவர் இன்று நிலத்தைப் பார்ப்பதைவிட நிலத்தின் பேரில் எழுதி வைத்திருப்பதையே அதிகம் பார்க்கிறார். ‘இது தனியாருக்குச் சொந்தமான இடம்.’ ‘உத்தரவின்றி உள்ளே வரக்கூடாது.’ ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்.’ கட்டிடங்கள் நெருங்க நெருங்க இன்னொரு வாக்கியமும் சேர்ந்துகொள்கிறது. வண்டி நிறுத்துமிடம், கல்யாண மண்டபம், கட்டணம் வாங்கும் நீச்சல் குளம், எங்கும் அதே வாக்கியம்: ‘நிர்வாகம் பொறுப்பல்ல.’

முதல் மூன்றும் பழையவை. உடைமையை அறிவிக்கின்றன, தடுக்கின்றன, பயமுறுத்துகின்றன. அவற்றோடு நாம் சண்டை போடலாம், கேலி செய்யலாம். 1971இல் ஒரு சினிமாவுக்கு ‘உத்தரவின்றி உள்ளே வா’ என்று பெயர் வைத்தார்கள்; கேலி எல்லோருக்கும் புரிந்தது. நான்காவது வாக்கியம் வேறு ரகம். அது யாரையும் தடுப்பதில்லை. தாராளமாக வா என்கிறது. வந்தபின் என்ன நேர்ந்தாலும் என்னிடம் வராதே என்றும் சொல்லிவிடுகிறது. அழைப்பும் கைகழுவலும் ஒரே மூச்சில் நடக்கின்றன.

பொறுப்பு என்பது இப்படி முன்கூட்டியே சொல்லிக் கழற்றி வைக்கக்கூடிய ஒன்றா? இந்த வாக்கியம் உண்மையில் யாரைப் பார்த்துப் பேசுகிறது? இரண்டும் ஒரே கேள்வி என்பதுதான் நான் சொல்ல வருவது.

*

செருப்பையும் சைக்கிளையும் வைத்து இதை யோசித்தால் விஷயம் சிறுத்துப்போகும். உயிர் போகிற அபாயமும், லாபம் கருதாத நல்ல மனமும் ஒரே இடத்தில் கூடும் உதாரணம் ஒன்று வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்படி ஒன்று இருக்கிறது: தனியார் புல் ஓடுதளம்.

விமானம் ஓட்டுவதில் பித்துக்கொண்ட ஒரு விவசாயி தன் மேய்ச்சல் நிலத்தில் ஐந்நூறு மீட்டரோ சற்றுக் கூடுதலோ ஒரு கீற்றைச் சமன் செய்து, புல்லை வெட்டி, காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் கம்பத்தில் கட்டிவிடுகிறான். இங்கிலாந்தில் வருஷத்துக்கு 28 நாள் வரை இதற்கெனத் திட்ட அனுமதிகூடக் கேட்க வேண்டியதில்லை. அவனைப் போன்ற மற்றவர்கள் தங்கள் சின்ன விமானங்களில் வந்து இறங்குகிறார்கள். தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து ஊர்க் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருகின்றன. நாயோடு உலாவ வருகிறவர் குறுக்கே நடந்து போகிறார்.

அபாயம் அங்கே கண்ணுக்குப் படாத ரூபத்தில் இருக்கிறது. நிற்கும்போது மரக்கட்டை மாதிரி தெரிகிற புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது பார்வையிலிருந்தே மறைந்துவிடும். இறங்குகிற விமானம் ஏறுகிற விமானத்தைப்போல் சத்தம் போடாது. முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். பார்ப்பதற்கோ வெறும் புல்தரை. ஓடுதளம் என்று தெரியாதவனுக்கு அது உட்கார்ந்து சாப்பிடத் தோதான இடம்.

இந்த இடத்துக்கு மனிதர்களை எப்படி உள்ளே விடுவது? இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, வருமுன் தொலைபேசியில் கூப்பிடச் சொல்வது. கூப்பிட்டவனிடம் சொந்தக்காரன் பேசுகிறான்: நேற்று மழை, கிழக்குக் கோடி சொதசொதவென்று இருக்கிறது, ஆடுகள் மேய்கின்றன, நான் ஓட்டிவிடும்வரை சுற்றிக்கொண்டிரு, தெற்கே மின்கம்பி போகிறது, பக்கத்து வீட்டுக் கிழவிக்குச் சத்தம் ஆகாது, அவள் கூரைக்குமேல் பறக்காதே. மற்ற முறை, வந்தவனிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது: என் சொந்தப் பொறுப்பில் நுழைகிறேன், எனக்கு எது நேர்ந்தாலும் உரிமையாளரைக் கேட்கமாட்டேன்.

இரண்டுக்கும் ‘அனுமதி’ என்றுதான் பெயர். ஆனால் முதலாவது வருகிறவனைப் பார்த்துப் பேசுகிறது. அவனுக்கு ஒரு உபயோகம் அதில் இருக்கிறது. இரண்டாவது அவன் கையில் கொடுக்கப்பட்டாலும் அவனைப் பார்த்துப் பேசவில்லை. அதன் வாசகன் வேறு எங்கோ, விபத்து நடந்து இரண்டு வருஷம் கழித்து ஒரு நீதிமன்றத்தில் உட்காரப்போகிற நீதிபதி. கையெழுத்துப் போடுகிறவன் அந்தக் கடிதத்துக்குத் தபால்காரன்.

இங்கிலாந்தின் சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. 1957இல் வந்த, இடத்தை வைத்திருப்பவர் பொறுப்புச் சட்டம், எச்சரித்தாயிற்று என்பதால் மட்டுமே ஒருவன் விடுபட்டுவிடமாட்டான் என்கிறது. அந்த எச்சரிக்கை வந்தவன் பத்திரமாக இருக்கப் போதுமானதாக இருந்ததா என்று கேட்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் கவனக்குறைவாக இருப்பார்கள் என்பதைச் சொந்தக்காரன் எதிர்பார்த்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1977இல் வந்த இன்னொரு சட்டப்படி, தொழில் நடத்துகிறவன் தன் அஜாக்கிரதையால் ஒருவருக்கு ஏற்படும் மரணத்துக்கோ காயத்துக்கோ ‘பொறுப்பல்ல’ என்று பலகை எழுதித் தப்பிக்க முடியாது. அந்த வாக்கியம் அங்கே செல்லாக்காசு.

நம்மிடம் இத்தகைய புல்தளங்கள் பழக்கத்தில் இல்லை. லைசென்ஸ் இல்லாத இடத்தை விமானங்கள் வாடிக்கையாக இறங்கும் இடமாக்கக்கூடாது என்பது 1937ஆம் வருஷத்து விமான விதிகளிலேயே இருந்தது. நம்மிடம் மிஞ்சியவை யுத்தகாலத்து ஓடுதளங்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது மோட்டார் பந்தயத் திடலாயிற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித்தடம் வரும்வரை ஜனங்கள் அங்கேதான் கூட்டம் கூட்டமாக வேடிக்கை பார்த்தார்கள். பந்தயம் பார்க்க வருகிறவனிடம் உலகமெங்கும் சொல்லப்படுவது ஒன்றுதான்: தெரிந்துதானே வந்தாய்?

இந்தத் ‘தெரிந்துதானே வந்தாய்’ கையெழுத்துத் தாளின் வாய்மொழி வடிவம். மதுரைக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள விமானமோ காரோ வேண்டாம். தை மாதம் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் நிற்பவனுக்கே போதும். வாடிவாசலின் முன்னால் நிற்கிற மாடுபிடி வீரனுக்கு என்ன வருகிறது என்று தெரியும். தெரிவதோடு நிற்காமல் அதை விரும்பியும் நிற்கிறான். மாடு தப்பி ஓடுகிற சந்தில் நிற்கும் வேடிக்கைக்காரனுக்கும் மாடு குத்தும் என்று தெரியும். ஆனால் குத்துப்பட அவன் சம்மதித்து வரவில்லை. தெரிவதும் இசைவதும் ஒன்றல்ல; இந்த வித்தியாசத்தைச் சட்டங்கள் வெகு தாமதமாகத்தான் கண்டுகொண்டன. 2009ஆம் வருஷத்துச் சட்டமும், 2014ஆம் வருஷத்துத் தடைக்குப்பின் 2017இல் வந்த விதிகளும் இரட்டை வேலியை வற்புறுத்துவது வேடிக்கைக்காரனுக்காகத்தான். ஜல்லிக்கட்டு கூடுமா கூடாதா என்பதை 2023இல் அரசியல் சாசன அமர்வு ஒருவழியாகத் தீர்த்தது. வேலிக்கு வெளியே நிற்கிறவனுக்கு யார் பொறுப்பு என்பதை ஒவ்வொரு தையிலும் ஒவ்வொரு ஊரும் மறுபடி தீர்த்தாக வேண்டும்.

*

புல் ஓடுதளத்துக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் விஷயம் நேர் எதிராகப் போயிற்று. தன் நிலத்தைப் பொழுதுபோக்குக்காக ஜனங்களுக்கு இலவசமாகத் திறந்துவிடும் சொந்தக்காரன், அதைப் பத்திரமாக வைத்திருக்கவோ எச்சரிக்கவோ கடமைப்பட்டவனல்ல என்று ஒரு மாதிரிச் சட்டம் 1965இல் வகுக்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் அதை ஏற்றன. அபாயம் தெரிந்தே மூடிமறைத்தால் மட்டும் பிடிபடுவான். காசு வாங்கினால் பாதுகாப்புப் போய்விடும். பிற்பாடு பல மாநிலங்கள் அந்தப் பொழுதுபோக்குப் பட்டியலில் விமானம் ஓட்டுவதையும் சேர்த்துக்கொண்டன. புல் ஓடுதளங்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதை நிறுத்துவதே நோக்கம்.

நியாயம் இல்லாமலில்லை. சும்மா கொடுத்தவனை வழக்கில் இழுத்து நிலத்தை விற்க வைத்தால், அடுத்தவன் கதவைச் சாத்திவிடுவான். தாராளத்துக்கு அபராதம் போடுகிற சமூகத்தில் தாராளம் தங்காது. ஆனால் இதன் அடியில் இருக்கிற கணக்கு என்னை உறுத்துகிறது. காசு கொடுத்து வருகிறவனுக்குக் கவனிப்பு உண்டு. அன்பால் வருகிறவனுக்கு இல்லை. ஆங்கிலேயரின் பழைய வழக்குச் சட்டத்திலும் இதே கணக்குதான். 1866ஆம் வருஷத்துத் தீர்ப்பொன்றிலிருந்து, கடைக்கு வியாபாரமாக வந்தவனுக்கு ஒரு தரமும், வீட்டுக்குச் சாப்பிட வந்த விருந்தாளிக்கு அதைவிடக் கீழான தரமும் என்று நீதிமன்றங்கள் பிரித்துக்கொண்டே போயின. 1957ஆம் வருஷத்துச் சட்டம்தான் இந்தப் பாகுபாட்டை ஒழித்தது. தொண்ணூறு வருஷம் ஒரு தேசத்தில் வாடிக்கையாளனின் கால் விருந்தாளியின் காலைவிட மதிப்புடையதாக இருந்தது.

விருந்தைப் பற்றித் தனி அதிகாரமே வகுத்துக்கொண்ட மொழியில் எழுதுகிற நமக்கு இது விநோதமாகப் படலாம். ஆனால் உடனே புளகாங்கிதம் அடைய வேண்டாம். விருந்தோம்பலை இலக்கியத்திலும், ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்பதைச் சுவரிலும் எழுதிக்கொள்கிறவர்கள் நாம். இரண்டும் ஒரே கை.

*

இந்தப் பிரச்னையை நான் படித்தவரை மிக நேராகப் பார்த்தவர் கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டைச் சேர்ந்த குவிண்டஸ் மூக்கியஸ் ஸ்கீவோலா என்ற ரோமானியர். கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் திரட்டில் அவருடைய கருத்து எடுத்தாளப்படுகிறது. ஒருவன் மரத்தின்மேல் கிளை கழித்துக்கொண்டிருக்கிறான். போட்ட கிளை கீழே போன ஒரு ஆளின்மேல் விழுந்து ஆள் செத்துப்போனான். கிளை கழித்தவன் பொறுப்பா? செத்தவன் அடிமை, நஷ்டஈடு எஜமானனுக்குப் போகும் என்ற அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுவழியாக இருந்து, அவன் சத்தம் கொடுக்காமல் போட்டிருந்தால் பொறுப்புதான். தனியார் நிலமாக இருந்தால்? அங்கேயும் பொறுப்பு உண்டு என்கிறார் மூக்கியஸ். அதற்கு அவர் கருத்தையொட்டித் தரப்படும் காரணம் சட்டப் புத்தகத்தில் நான் எதிர்பார்க்காதது: தனியார் நிலங்களின் ஊடாகவும் பாதை போவது சகஜம்தானே. பாதை இல்லாத இடத்தில், பார்த்தும் வேண்டுமென்றே போட்டால்தான் குற்றம். யாரோ வரக்கூடும் என்று ஊகிக்க அவனுக்கு முகாந்திரம் இல்லை. இன்னொன்று: தப்பிக்க முடியாத நேரத்தில் சத்தம் கொடுப்பதும் குற்றமே.

இதில் உடைமை பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. பட்டா யார் பேரில் என்று அவர் பார்க்கவில்லை. தரையில் காலடித் தடம் இருக்கிறதா என்று பார்க்கிறார். மனிதர் நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை, நிலத்தின் சொந்தக்காரனைக் கேட்காமலே, அவன்மேல் ஒரு கடமையை எழுதிவிடுகிறது. பலகை இன்னும் வராத மனிதனுக்குச் சொந்தக்காரன் எழுதியது. பாதை வந்துபோன மனிதர்கள் சொந்தக்காரனுக்கு எழுதியது. இரண்டில் எதை முதலில் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆங்கிலச் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர இரண்டாயிரம் வருஷம் ஆயிற்று. 1929இல், சுரங்கத்தின் கம்பிவடச் சக்கரத்தில் சிக்கிச் செத்த நான்கு வயதுப் பையனைப் பற்றி, அவன் அத்துமீறி வந்தவன், சுரங்கத்தார் பொறுப்பல்ல என்று பிரபுக்கள் சபை சொன்னது. குழந்தைகள் அங்கே வாடிக்கையாக விளையாட வருவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 1972இல் அதே சபையின்முன் ஆறு வயதுப் பையன் ஒருவனின் வழக்கு வந்தது. ரயில்பாதையின் வேலி சிதைந்து கிடந்தது. குறுக்குவழியாக ஜனங்கள் அதை மிதித்து மிதித்துத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். பையனும் அவ்வழியே போய் மின்சாரத் தண்டவாளத்தில் பட்டுக் கடுமையாகக் காயப்பட்டான். இம்முறை நீதிபதிகள் ரயில்வேயைப் பொறுப்பாக்கினார்கள். சாதாரண மனிதத்தன்மை என்று ஒன்று இருக்கிறது, அத்துமீறி வந்தவனுக்கும் அது உண்டு என்றார்கள். மிதிபட்ட வேலியைப் படித்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

*

எங்கள் பேட்டையின் பெயரே சூளையைச் சொல்வது. காளவாசல் என்றால் இந்தப் பக்கத்தில் செங்கல் சுடும் சூளை. சூளை இருந்தால் மண் எடுத்த பள்ளம் இருக்கும். பள்ளம் இருந்தால் மழைக்குப்பின் தண்ணீர் இருக்கும். தண்ணீர் இருந்தால் பையன்கள் வருவார்கள். மேற்கே தோட்டக் கிணறுகளிலும் இதேதான். இந்த வட்டாரத்தில் நீச்சல் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்தவன் கிணற்றில் கற்றவர்கள். அந்தக் கிணறுகளுக்குப் பலகை கிடையாது, வேலி கிடையாது. மோட்டார் ரூம் நிழலில் கட்டில் போட்டுக் கிடக்கிற ஒரு கிழவர்தான் இருந்தார். அவர் சத்தம் போடுவார். ‘எவன்டா அவன்? வடக்க பாறை கெடக்குடா, தெக்குப் பக்கமாக் குதிங்கடா!’

இந்தச் சத்தம் விரட்டலா, எச்சரிக்கையா? இரண்டும்தான். ரோமானியர் கேட்ட சத்தம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. இன்ன பையன், இன்ன நேரம், இன்ன பாறை. வாசகன் எதிரில் நிற்கிறான். சொன்னவரும் எழுந்துபோய்விடுவதில்லை, குதித்தவன் மேலே வரும்வரை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் இந்தச் சித்திரத்தில் மயங்கிவிடக்கூடாது. அந்தக் கிணறு எல்லோருக்கும் திறந்திருந்தது என்றால் பொய். எந்தத் தெருப் பையன் இறங்கலாம், எவன் கரையில்கூட நிற்கக்கூடாது என்பது பலகை இல்லாமலே எழுதப்பட்டிருந்தது. ஒருவனுக்குப் பாறையைக் காட்டிய அதே வாய் இன்னொருவனை ஜாதி சொல்லி விரட்டியது. முகம் பார்த்துப் பேசுகிற அறம் முகம் பார்த்தே மறுக்கவும் செய்யும். பலகைக்கு ஒரு பெருமை உண்டு என்றால் அது இதுதான்: பலகை யார் வந்திருப்பது என்று பார்ப்பதில்லை. 1957ஆம் வருஷத்துச் சட்டம் போன்றவை நமக்குத் தேவைப்படுவதும் இதனால்தான். கிழவரின் நல்லெண்ணத்தை நம்பி உயிர்வாழும்படி யாரையும் விடக்கூடாது.

அப்படியானால் பலகை போதுமா? 2010இல் உச்ச நீதிமன்றம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு நெறிமுறைகள் வகுத்தது. முள்வேலி போட வேண்டும், குழாய்க்கு மூடி வேண்டும், கைவிட்ட துளையை மண்ணால் நிரப்ப வேண்டும். தோண்டும்போது பக்கத்தில் ஒரு பலகை வைத்து அதில் தோண்டுகிற நிறுவனத்தின் விலாசமும் சொந்தக்காரர் விலாசமும் எழுத வேண்டும். எல்லாம் சரியான விதிகள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை கைவிட்ட துளையில் விழுந்து, நாள்கணக்கில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, மீட்க முடியாமல் இறந்தது. இரண்டு வயதுக் குழந்தைக்குப் பலகை படிக்கத் தெரியாது. அந்த விதிகளில் குழந்தையை நோக்கிப் பேசுவது மூடியும் மண்ணும்தான். விலாசம் பின்னால் வரப்போகும் அதிகாரிக்கு. நாம் இந்த நாட்டில் விலாசத்தை எழுதிவிட்டு மண்ணைப் போட மறக்கிறவர்கள். சில சமயம் விலாசத்தையும் எழுதுவதில்லை.

*

மூன்றாவது வழி ஒன்று மேலும் மேலும் பிரபலமாகி வருகிறது. சுற்றிலும் சுவர் எழுப்பிவிடுவது. யாரும் வராவிட்டால் யாருக்கும் பொறுப்பில்லை. தேனி சாலையின் இருபுறமும் தோட்டங்கள் மனைகளாகிச் சுவர்கள் ஏறுவதற்குக் காரணம் நிலத்தின் விலை. ஆனால் சுவருக்குள் இருக்கிறவனின் நிம்மதியில் இந்தக் கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஒற்றையடிப் பாதை சுவரில் முட்டி நிற்கிறது. ஐந்தாறு மாசத்தில் புல் மூடிவிடும். மூக்கியஸ் வந்து பார்த்தால் இங்கே பாதை இல்லை, பொறுப்பும் இல்லை என்றுதான் சொல்வார். சட்டப்படி குற்றமற்ற நிலம். அங்கே எவனும் நீந்தக் கற்றுக்கொள்ளமாட்டான்.

பொறு, பொறை, பொறுமை, பொறுப்பு எல்லாம் ஒரே வேர். சுமத்தல், தாங்கல், சகித்தல். ஆங்கிலத்தில் பொறுப்பைக் குறிக்கிற சொல் பதில் சொல்வதிலிருந்து வந்தது. கேட்டால் பதில் சொல்லத் தயாராயிருப்பது. நம்முடையது சுமையிலிருந்து வந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே தோளில் இருப்பது. நஷ்டஈட்டைச் சட்டம் பங்கிட்டுக் கொடுக்கலாம், இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொள்ளலாம், இலவசமாகத் திறந்தவனுக்குத் தள்ளுபடியும் செய்யலாம். அதை நான் எதிர்க்கவில்லை. தாராளமானவர்கள் கடனாளியாகாமல் இருக்க அது அவசியம். ஆனால் வந்தவன் குதித்து மேலே வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பது என்ற சுமையை எந்தக் கம்பெனியும் ஏற்காது. அந்தச் சுமையை ‘பொறுப்பல்ல’ என்ற சொல்லால் இறக்கி வைத்துவிட முடியும் என்று நினைப்பதுதான் தவறு. இறக்கியதாக அறிவிக்கலாம், அவ்வளவே.

இதைப் படிக்கிற இருநூறு முந்நூறு பேரில் பாதிப்பேர் எழுதுகிறவர்கள். நம் பத்திரிகைகளின் கடைசிப் பக்கத்திலும் ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்: வெளியாகும் கருத்துகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல. அச்சகத்துக்கும் போலீசுக்கும் வழக்குக்கும் பயந்து வைக்கிற வாக்கியம். வைக்காதீர்கள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அதற்கான காரணமும் இல்லை. ஆனால் அதன் வாசகர் நீங்கள் இல்லை என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்கு எழுதப்பட்டது முன்பக்கங்களில் இருக்கிறது. வடக்கே பாறை கிடக்கிறதா, கிடந்தால் அதை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா என்று அங்கே போய்ப் பாருங்கள்.